உஷ்... காலுக்குள்ளே ஒரு சத்தம்!

"டாக்டரம்மா... சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம்... அப்படித்தானுங்களே?"

கேட்டவர், வேட்டியைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு ஸ்கேன் மேஜையில் மல்லாந்து படுத்திருந்தார். கல்வராயன் மலைக்காரர். வயது முப்பத்தெட்டு. கால் முழுக்கக் கஞ்சி தடவின மாதிரி ஜெல். தலையை மட்டும் ஆமை போல நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வாயால் பதில் சொல்லவில்லை. தொடையில் இந்தப் பக்கம் சாய்த்து வைத்திருந்த கருவியை அந்தப் பக்கம் சாய்த்தார். அவ்வளவுதான். திரையில் சிவப்பு நீலமாயிற்று. நீலம் சிவப்பாயிற்று.

"அய்யய்யோ, ரெண்டும் கலந்துடுச்சுங்களா?"

கள்ளக்குறிச்சியில் அந்த ஸ்கேன் சென்டரில் அன்றைக்குச் சிரிக்காத ஆள் அவர் ஒருத்தர்தான்.

நான் அங்கே போனது நண்பருக்குத் துணையாக. நண்பர் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வயது 31. வீட்டில் மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி பஸ்ஸில் சென்னை போய் ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பிய மறுநாள், இடது கெண்டைக்கால் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிட்டது. பார்த்த டாக்டர், "எதுக்கும் ஒரு டாப்ளர் பார்த்துடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். டாப்ளர் என்றால் என்ன என்று நண்பர் கேட்கவில்லை. கேட்டால் தெரியாத ஆள் என்று நினைத்துவிடுவார்களாம்! வெளியே வந்து என்னிடம், "ஏதோ ஜெர்மன் மருந்து போலிருக்கு மச்சான். ரெண்டு மெடிக்கல்ல கேட்டுட்டேன், ஸ்டாக் இல்லையாம்" என்றார்.

ஜெர்மன் என்று சொன்னதில் பாதி சரி. ஆள் ஆஸ்திரியாக்காரர்.

கிறிஸ்டியன் டாப்ளர். 1803-ல் சால்ஸ்பர்க் நகரத்தில் ஒரு கல்தச்சர் வீட்டில் பிறந்தவர். உடம்பு நோஞ்சான். அதனால் உளி பிடிக்க விடாமல் கணக்குப் படிக்க வைத்தார்கள். படித்து முடித்து, வேலை கிடைக்காமல், ஒரு பஞ்சாலையில் கணக்கெழுதும் கிளார்க்காகக் குப்பை கொட்டியிருக்கிறார். (இதைச் சொன்னதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.) வெறுத்துப் போய், இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறக் கிளம்பியவருக்கு, கடைசி நேரத்தில் பிராகா நகரத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. 1842-ல் அங்கேதான் அவர் ஒரு கட்டுரை படித்தார். வானத்து இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி. நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் ஒளி ஒரு மாதிரி, விலகிப் போகும் நட்சத்திரத்தின் ஒளி வேறு மாதிரி என்பது அவர் கட்சி. நட்சத்திரங்களின் நிறத்துக்கு அவர் சொன்ன காரணம் தப்பு. ஆனால் தத்துவம் சரி! இந்த மாதிரி அதிர்ஷ்டம் நமக்கெல்லாம் பரீட்சையில்கூட வாய்த்ததில்லை.

தத்துவத்தைப் புரிந்துகொள்ள நட்சத்திரம் வரை போக வேண்டாம். சேலம் - உளுந்தூர்பேட்டை ஹைவேயில் டீக்கடை பெஞ்ச் போதும். தனியார் பஸ் ஒன்று ஏர்ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வருகிறது. வரும்போது 'ஈஈஈ' என்று உச்சத்தில் இருக்கும் சத்தம், நம்மைத் தாண்டின அடுத்த நொடி 'ஊஊஊ' என்று இறங்கிவிடுகிறதா இல்லையா? டிரைவர் ஹாரனை மாற்றவில்லை. வரும்போது சத்தத்தின் அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு காதில் விழுகின்றன. போகும்போது இழுத்துக்கொண்டு விழுகின்றன. பஸ் 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், வரும்போது 'ரி'யிலும் போகும்போது 'ஸ'விலுமாகக் கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்வரம் இறங்கியிருக்கும். நல்ல காது உள்ளவர், எத்தனை ஸ்வரம் இறங்கியது என்பதை வைத்து பஸ்ஸின் வேகத்தையே சொல்லிவிடலாம். டாப்ளர் சொன்னது அதைத்தான்.

அந்தக் காலத்தில் இதை நம்பாதவர்கள் உண்டு. ஹாலந்துக்காரர் பைஸ் பாலட் அவர்களில் ஒருவர். டாப்ளர் சொன்னது சரியா என்று பார்த்துவிடுகிறேன் என்று 1845-ல் ஒரு ரயில் இன்ஜினையும் திறந்த பெட்டியையும் வாங்கி, அதில் ஊதுகொம்பு வித்வான்களை ஏற்றி ஊதச் சொல்லி, தண்டவாளத்தின் ஓரத்தில் சுருதி ஞானம் உள்ளவர்களை நிற்க வைத்தார். முதல் தடவை பனிப்புயல் வந்து கச்சேரி கான்சல். இரண்டாவது தடவை நடந்தது. ரயில் வரும்போது சுருதி ஏறியது, போகும்போது இறங்கியது. நட்சத்திர நிறத்தில் பாலட்டின் சந்தேகம் தீரவில்லை. சத்தத்தில் டாப்ளரே ஜெயித்தார்.

சரி, ரயில் கதைக்கும் கெண்டைக்காலுக்கும் என்ன சம்பந்தம்?

பஸ்ஸுக்குப் பதில் ரத்தத்தின் சிவப்பணுக்கள். ஹாரனுக்குப் பதில், ஸ்கேன் கருவி அனுப்பும் நம் காதுக்குக் கேட்காத ஒலி. நொடிக்கு 50 லட்சம் துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஓடுகிற சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பி வரும்போது எண்ணிக்கை கொஞ்சம் மாறியிருக்கும். எவ்வளவு கொஞ்சம்? தொடையின் பெரிய தமனியில் ரத்தம் உச்சத்தில் நொடிக்கு 90 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது மணிக்கு மூணேகால் கிலோமீட்டர், சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பி நடக்கிற வேகம். கருவியை 60 டிகிரி சாய்த்துப் பிடித்தால், அனுப்பின 50 லட்சத்துக்கும் திரும்பி வந்ததற்கும் சுமார் 2,900 துடிப்பு வித்தியாசம். அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்த 2,900 என்பது மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கிற சத்தம்! அனுப்பின ஒலி கேட்காது, திரும்பி வந்த ஒலியும் கேட்காது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும். அதை அப்படியே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். நம் ரத்தம் ஓடுவதை நாமே கேட்கலாம்.

முதலில் கேட்டவர்கள் ஜப்பான்காரர்கள். 1950-களில் ஒஸாகா பல்கலைக்கழகத்தில் சதோமுரா என்பவர் இதயத்தின் அசைவைக் கவனிக்க இந்த வித்தையைப் பயன்படுத்தினார். பிறகு ரத்தக் குழாயில் வைத்துப் பார்த்தபோது இரைச்சலாகக் கேட்டது. கோளாறு இல்லை, ஓடுகிற ரத்தத்தின் குரலே அதுதான் என்று கண்டுபிடித்தார்கள். மனிதர் பலனைப் பார்க்கவில்லை, 1960-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1970-களில் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக இன்ஜினீயர்களும் டாக்டர்களும் ஸ்கேன் படத்தையும் இந்தச் சத்தத்தையும் ஒரே கருவியில் சேர்த்தார்கள். கலர் வந்தது 1980-களில், மறுபடி ஜப்பானில். நம் சினிமா 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மூலம் 1956-லேயே கலருக்கு வந்துவிட்டது என்பதைப் பெருமையுடன் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அந்தக் கலரைத்தான் மலைக்காரர் தப்பாகப் புரிந்துகொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடப் படங்களில் தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் தீட்டி நம் எல்லோரையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். டாப்ளர் திரையில் சிவப்பு என்றால் ரத்தம் கருவியை நோக்கி வருகிறது. நீலம் என்றால் விலகிப் போகிறது. அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்குள் வருகிற பஸ் சிவப்பு, வெளியே போகிற பஸ் நீலம். பஸ் நல்லதா, கெட்டதா என்பது வேறு விஷயம்.

நண்பரின் முறை முதலில் வந்தது.

கெண்டைக்கால் வீக்கம் என்றதும் டாக்டர்கள் பயப்படுவது, கால் ஆழத்தில் உள்ள சிரையில் ரத்தம் உறைந்திருக்குமோ என்றுதான். மணிக்கணக்கில் காலை மடக்கி ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அப்படி ஆக வாய்ப்புண்டு. உறைந்த கட்டி காலிலேயே இருந்தால் வலியோடு போகும். பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பி நுரையீரலில் போய் அடைத்தால் ஆளே போகலாம். இதைக் கண்டுபிடிக்கிற முறை இருக்கிறதே, அதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கருவியைக் காலில் வைத்து ஓர் அழுத்து அழுத்துகிறார்கள்! சிரை மெல்லிய பை. அழுத்தினால் பலூன் மாதிரி சப்பையாகிவிட வேண்டும். பக்கத்தில் உள்ள தமனி கெட்டி, அது அசையாமல் துடித்துக்கொண்டிருக்கும். சிரை சப்பையாகாமல் முறைத்துக்கொண்டு நின்றால் உள்ளே கட்டி இருக்கிறது.

தொடை இடுக்கிலிருந்து கணுக்கால் வரை டாக்டரம்மா விரற்கடை விரற்கடையாக அழுத்திக்கொண்டே வந்தார். நண்பர் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கும்பிட்டார். சிரை எல்லா இடத்திலும் சப்பை.

"கட்டி ஒண்ணும் இல்லை. தசைப் பிடிப்பு மாதிரிதான் தெரியுது. ஊருக்குப் போன இடத்தில ஏதாவது விளையாடினீங்களா?"

"வாலிபால்... ஒரே ஒரு கேம் மேடம்" என்றார் நண்பர், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. அவர் கடைசியாக வாலிபால் ஆடியது காலேஜில்.

பில் கட்டிவிட்டுக் கிளம்பியிருப்போம். ரிப்போர்ட் டைப் ஆக அரை மணி ஆகும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் அந்த மலைக்காரர், தன் முறைக்குக் காத்துக்கொண்டு. கூட அவர் மனைவி, மடியில் ஒரு மஞ்சப்பை நிறையப் பழைய சீட்டுகள்.

கல்வராயன் மலை பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே மலை ஏற வேண்டும். மேலே வெள்ளிமலை. சுற்றிலும் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஊர்கள். சாமை, மரவள்ளி. மரவள்ளி கீழே சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். பள்ளிக்கூடமோ, ரேஷனோ, பஸ்ஸோ, எதற்கும் நடை. அந்த மலையில் கால் என்பது உறுப்பு மட்டுமல்ல. அதுதான் வண்டி.

அந்த வண்டிதான் இவருக்கு மக்கர்.

"முந்தியெல்லாம் மூட்டையோட ஏறுவனுங்க. ரெண்டு வருசமா கொஞ்ச தூரம் நடந்தா ஆடுசதை இறுக்கிப் புடிக்குது. நின்னா விட்டுடும். மறுபடி நடந்தா மறுபடி புடிக்கும்."

டாக்டரம்மா பிறகு உள்ளே இதையே வேறு விதமாகக் கேட்டார். "எவ்வளவு தூரம் நடந்தா வலிக்குதுண்ணே?"

"போன வருசம் மாரியம்மன் கோயில் வரைக்கும் போனனுங்க. இப்ப புளியமரத்துக்கே நாக்கு தள்ளுது."

"வலி வந்தா உட்காரணுமா, சும்மா நின்னாலே போயிடுமா?"

"நின்னாலே போயிடுமுங்க."

இந்தக் கேள்வி சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் இதில்தான் பாதி நோய் பிடிபடுகிறது. முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கி வருகிற கால்வலி நின்றால் போகாது. உட்கார வேண்டும், குனிய வேண்டும். ரத்தம் பற்றாமல் வருகிற வலி, நடையை நிறுத்தினாலே இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கும். மறுபடி அதே தூரத்தில் வரும். தசைக்கு நடக்கும்போது ரத்தம் கூடுதலாக வேண்டும், குழாய் அடைத்திருந்தால் கிடைக்காது, தசை கத்துகிறது.

இதை யாரும் அவரிடம் இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை. ஓர் இடத்தில் இடுப்பு பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் சிவப்பு கலரில் ஊசி. மஞ்சப்பையில் இருந்த சீட்டுகளைப் பார்த்தால் பெரும்பாலும் வைட்டமின். எல்லாம் 'நரம்பு'க்கு!

இந்த 'நரம்பு' என்ற வார்த்தை நம் ஊரில் செய்கிற அட்டகாசம் கொஞ்சமில்லை. மூளையிலிருந்து வருவதும் நரம்பு. கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் நரம்பு. சுளுக்கினால் பிசகுவதும் நரம்பு. வீணையில் கட்டினால் அதுவும் நரம்பு. தமனி, சிரை என்று பத்தாவதில் படித்ததைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். (யாழ்ப்பாணத்துப் பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு நாடி, நாளம் என்று பெயர். காதுக்கு இன்னும் இனிமை.) ரத்தக் குழாய் அடைத்தவர் "நரம்பு இழுக்குதுங்க" என்று சொல்ல, கேட்டவர் நரம்புக்கு வைத்தியம் பார்க்க, நடுவில் கால் காத்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் இடது கால் சுண்டுவிரல் நுனி கறுத்து, ராத்திரியில் படுத்தாலும் வலிக்க ஆரம்பித்தபோதுதான் யாரோ ஒரு டாக்டர் பாதத்தில் விரலை வைத்து நாடி பார்த்திருக்கிறார். நாடி இல்லை. உடனே டாப்ளருக்குச் சீட்டு.

"என்ன வேலைண்ணே? பீடி உண்டா?" என்று நண்பர் பேச்சு வாக்கில் கேட்டார்.

"வெள்ளாமதாங்க. பீடி... பதினாலு வயசுல தொட்டது. நாளைக்கு ஒரு கட்டு."

"ஒரு கட்டா!" என்று அதிர்ந்தார் நண்பர். அவர் நாளைக்குப் பத்து சிகரெட். பில்டர் வைத்தது என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மலைக்காரர் உள்ளே போனபோது எங்களையும் கூப்பிட்டுக்கொண்டார். "நீங்களும் வாங்க தம்பி, அம்மா சொல்றது எனக்குப் புரியாது." டாக்டரம்மாவும் தலையசைத்தார்.

கலர் கலாட்டா முடிந்ததும் சத்தத்தைத் திறந்தார். தொடைத் தமனி. 'டுஷ்ஷ்... விஷ்... டுப்'. குதிரை குளம்படி மாதிரி மூன்று துண்டாகக் கேட்டது. இதயம் தள்ளும்போது முன்னால் ஒரு பாய்ச்சல். கால் குழாய்களின் இறுக்கத்தில் மோதிக் கொஞ்சம் பின்வாங்கல். மறுபடி முன்னால் ஒரு சின்ன நகர்வு. ஆரோக்கியமான கால் தமனி இப்படி மூன்று சொல் பேசும். (சித்த வைத்தியர் மூன்று விரலால் நாடி பார்ப்பதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். சம்பந்தமில்லை.)

முழங்காலுக்குப் பின்னால் வந்தார். அங்கேயே இரண்டு சொல்தான் கேட்டது. முழங்காலுக்குக் கீழே இறங்கினார். திரையில் தமனியின் கோடு தெரிந்தது. உள்ளே சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. கறுப்பு. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. டாக்டரம்மா கருவியின் சாய்வை மாற்றினார். ஏனென்றால் நேர் செங்குத்தாகப் பிடித்தாலும் ஓட்டம் தெரியாது. குறுக்கே போகிற பஸ் வரவும் இல்லை போகவும் இல்லை என்கிற மாதிரி. சாய்த்தும் இல்லை. மெதுவான ஓட்டத்துக்கு மெஷினைத் திருத்தினார். அப்போதும் இல்லை. அடைத்த குழாய்க்குப் பக்கத்தில் ஏதோ மெல்லிய சிவப்பு நூல்கள் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு ஓடின. மெயின் ரோடு மூடிவிட்டதால் ரத்தம் தானே போட்டுக்கொண்ட குறுக்குப் பாதைகள். கணுக்காலில் கடைசியாக ஒரு சத்தம் கிடைத்தது. 'ஹூ... ஹூ...' என்று ஓட்டை ஜன்னலில் காற்று நுழைகிற மாதிரி, ஒரே சொல்.

ஐம்பது நிமிஷம் ஆயிற்று. ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை, ஜெல்லின் குளிர்ச்சி ஒன்றுதான் தொந்தரவு. பிறகு கையிலும் கணுக்காலிலும் பி.பி. பட்டை கட்டி, பேனா மாதிரி ஒரு குட்டி டாப்ளரை வைத்துக் கேட்டு அழுத்தம் எடுத்தார். கையில் 120. இடது கணுக்காலில் 66. வகுத்தால் 0.55. நல்ல காலுக்கு ஒன்று அல்லது கொஞ்சம் மேலே வர வேண்டும். 0.9-க்குக் கீழே போனாலே வியாதி.

இந்த வயதில், சர்க்கரை இல்லாத, கொழுப்பு இல்லாத ஆளுக்கு, முழங்காலுக்குக் கீழே மட்டும் இப்படி அடைத்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது 'பர்ஜர் நோய்'. 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற டாக்டர் வெட்டி எடுக்கப்பட்ட கால்களை ஆராய்ந்து விவரமாக எழுதி வைத்தது. இந்தியா, ஜப்பான் பக்கம் அதிகம். வருவது பெரும்பாலும் 45 வயதுக்குள், பெரும்பாலும் ஆண்களுக்கு, அநேகமாக எல்லோருமே புகையிலைக்காரர்கள். கொழுப்பு படிந்து அடைப்பதில்லை இது. குழாய்ச் சுவரே வெந்து வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து மூடிக்கொள்கிறது. அடைபடுவது சின்னச் சின்னக் குழாய்கள் என்பதால் பைபாஸ் செய்யவும் பெரும்பாலும் இடம் கிடைக்காது.

மருந்துகள் சில உண்டு. ஆனால் புகையிலையை அடியோடு விடுகிறது ஒன்றுக்குத்தான் பெரிய பலன். அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1990-ல் எழுதினார்கள். விட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் மாதிரிதான் விரலையோ காலையோ இழந்தார்கள். விடாதவர்களில் நாற்பதுக்கு மேல்! 'குறைத்துக்கொண்டேன்' என்பதெல்லாம் இந்த நோயிடம் செல்லாது. நாளைக்கு ஒன்றிரண்டு என்றாலும் நோய் விழித்துக்கொண்டே இருக்கும்.

டாக்டரம்மா இதையெல்லாம் சொல்லவில்லை. ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர். வைத்தியம் பார்க்கிறவர் சொல்வார் என்றுவிட்டு, ஒன்றை மட்டும் சொன்னார். "அண்ணே, நேரா சிறுவங்கூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே. தள்ளிப் போடாதீங்க." கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாகி, 2022-ல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு இப்படிச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. அதற்கு முன்னால் விழுப்புரமோ, சேலமோ, புதுச்சேரி ஜிப்மரோ என்று பஸ் ஏற வேண்டியிருந்தது.

"இந்த மெசினை ஒரு ஜீப்புல வச்சு மலைக்குக் கொண்டாந்தா என்னங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள், அதுவரை வாயே திறக்காதவர். நியாயமான கேள்வி. பதில், சுவரில் மாட்டியிருந்த போர்டில் இருந்தது. 'இங்கு கருவில் இருக்கும் குழந்தை ஆணா, பெண்ணா என்று தெரிவிக்கப்பட மாட்டாது.' 1994-ல் போட்ட சட்டம். காலுக்குக் கணக்குப் பார்க்கிற அதே மெஷின் வயிற்றில் வைத்தால் பெண் சிசுவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், எந்த ஸ்கேன் மெஷினும் பதிவு செய்த இடத்தை விட்டு இஷ்டத்துக்கு நகரக் கூடாது. தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கருவைப் பார்த்துச் சொன்ன கும்பலை தர்மபுரி பக்கம் 2022-ல் பிடித்தார்களே, அந்த மாதிரி ஆட்களால்தான் இந்தக் கட்டுப்பாடு. சட்டம் வேண்டும். ஆனால் எவனோ செய்த பாவத்துக்கு மலைக்காரர் நொண்டிக்கொண்டே இறங்கி வருகிறார்.

எனக்குத் தோன்றியது வேறு. அந்தப் பேனா டாப்ளர் இருக்கிறதே, அதில் படமே கிடையாது, சத்தம் மட்டும்தான். விலை ஒரு நல்ல செல்போனுக்குள் அடங்கும். கூட ஒரு பி.பி. பட்டை. மலை மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை வைத்துக்கொண்டு ஒரு நர்ஸம்மா கணுக்காலைக் கேட்டிருந்தால், மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இவரைப் பிடித்திருக்கலாம். பெல்ட்டும் ஊசியும் மிச்சம்.

(வீட்டில் சர்க்கரைக்கார அப்பா இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனியில் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகியிருந்தால் பட்டை அழுத்தினாலும் குழாய் மசியாது, கணக்கு நன்றாக இருப்பது போலப் பொய் சொல்லும். சுண்ணாம்பின் நிழல் ஸ்கேன் படத்தையும் மறைக்கும். ஆகவே கால் புண்ணோடு 'ரிப்போர்ட் நார்மல்' என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல் டாக்டரை இன்னொரு கேள்வி கேளுங்கள்.)

வெளியே வரும் முன் நண்பர் தயங்கித் தயங்கி, "மேடம், என் பாதத்திலயும் ஒரு தடவை அதை வச்சுக் காட்ட முடியுமா? சும்மா..." என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டுப் பேனாவை வைத்தார். 'டுஷ்ஷ்... விஷ்... டுப்.' மூன்று சொல்லும் சுத்தமாக இருந்தன. நண்பர் முகத்தில் வெற்றி.

"இவருக்கும் இருபது வயசுல இதே சத்தம்தான் கேட்டிருக்கும்" என்று பேனாவைத் துடைத்து வைத்தார் டாக்டரம்மா.

எதிரே டீக்கடை. கடைக்காரர் வழக்கம்போல டீயோடு ஒரு சிகரெட்டையும் நீட்டினார். நண்பர் வாங்கினார். பற்ற வைக்கவில்லை. காதில் செருகிக்கொண்டார். அது காதில் இருந்தபடியே ஆபீசுக்குப் போனதாகக் கேள்வி. பிறகு என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து, கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் மலைக்காரரைத் தற்செயலாகப் பார்த்தோம். இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மீதி நாலும் பத்திரம். புண் ஆறிவிட்டது. ராத்திரி தூக்கம் வருகிறதாம். புளியமரத்தைத் தாண்டிவிட்டாராம், கோயிலுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி.

"பீடி?" என்றார் நண்பர்.

"தொடறதே இல்லீங்க. வேணும்னா இவளைக் கேளுங்க."

அந்த அம்மாள் 'ஆமாம்' என்று தலையாட்டினார். பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவர் திரும்பி, நண்பர் காதோரம் குனிந்து, மனைவிக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தம்பி... வெத்தலையோட துளி பொகையிலை போட்டுக்கலாமான்னு அந்த டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்றீங்களா? அது பொகை வராதுங்களே!"

"கூடாதுண்ணே! அதுவும் அதேதான்!" என்று கத்தினார் நண்பர். டிரைவர் அதே சமயம் ஏர்ஹாரனை அழுத்தினார். கேட்டதோ இல்லையோ, பஸ் மலைப்பக்கம் திரும்பிவிட்டது.